கூடாரமும் கோயிலும்: மக்களிடையே இறைவன் உறைதல்

காரைநகரை நடுவாக வைத்து நோக்குவோர்க்கு, இறைவன் மக்களிடையே எங்ஙனம் உறைகின்றான் என்னும் வினாவுக்குரிய மூன்று விடைகள் சில மைல் தொலைவுக்குள்ளேயே எழுந்து நிற்றல் புலனாகும். திண்ணபுரத்திலே ஈழத்துச் சிதம்பரம் எனப் போற்றப்படும் சிவன் கோயில் உண்டு. தெற்கே கடலைக் கடந்தால், ஊர்காவற்றுறையிலே நற்கருணைப் பேழையும் அதன்முன் எரியும் விளக்கும் உடைய கத்தோலிக்க தேவாலயங்கள் உண்டு. கிழக்கே பொன்னாலைப் பாலத்தைக் கடந்தால், வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிசனார் வேதவாசிப்பையும் பிரசங்கத்தையும் முதன்மையாகக் கொண்டு வழிபாடு நடாத்திய பழைய தேவாலயம் உண்டு. முறைப்படி தாபிக்கப்பட்ட திருவுருவிலே இறைவன் எழுந்தருளியுள்ளான் என்பது முதலாவது விடை. திருவிருந்தின் அப்பத்திலே உள்ளான் என்பது இரண்டாவது விடை. கூடிநிற்கும் அடியார் நடுவே தன் வாக்கினால் விளங்குகின்றான் என்பது மூன்றாவது விடை.

இவ்விடைகள் ஒன்றோடொன்று கடுமையாக மோதிய காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. அம்மோதலில் எழுந்த நூல்களுள், நல்லூர் ஆறுமுக நாவலர் 1854 ஆம் ஆண்டில் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் தனியிடம் பெறுவது. சைவக் கோயில் வழிபாட்டை நிலைநாட்டுதற்கு நாவலர் சிவாகமங்களோடு அமையாது, யூத மக்களின் பழைய வழிபாட்டையும் சான்றாக அழைத்தார். எதிரியின் ஏட்டைக்கொண்டே எதிரிக்கு விடை கூறும் அம்முறை வெறும் வாதத்திறமை மாத்திரமா, அன்றி அதன் அடியில் ஓர் உண்மையும் உண்டா என்பதை ஆராய்தல் தகும். அதற்கு முதற்கண் யூதரின் கொள்கையை அறிதல் வேண்டும்.

எகிப்திலே அடிமைகளாயிருந்து விடுபட்ட இசுரவேலர், பாலைவனத்தில் அலைந்த காலத்தில் ஒரு கூடாரத்தை அமைத்து அதனையே வழிபாட்டிடமாகக் கொண்டனர் என்று விவிலியத்தின் யாத்திராகமம் கூறும். அக்கூடாரம் மரச்சட்டங்களும் திரைச்சீலைகளும் தோல்களும் கொண்டு ஆக்கப்பட்டது. மக்கள் பாளயம் பெயருந்தோறும் அதுவும் கழற்றப்பட்டு உடன்சென்றது. அதன் உள்ளறையிலே பொற்றகடு வேய்ந்த மரப்பேழை ஒன்று இருந்தது. இரண்டரை முழ நீளமும், ஒன்றரை முழ அகலமும், அவ்வளவே உயரமும் உடைய அப்பேழையினுள்ளே வைக்கப்பட்டவை கட்டளைகள் பொறித்த கற்பலகைகளே. பேழையின் மூடிமேல் சிறகு விரித்த இரு கேருபீன்களின் வடிவங்கள் நின்றன. இறைவன் மோசேயோடு பேசுவது அவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள வெற்றிடத்திலிருந்து என்பது அந்நூலின் கொள்கை.

அக்கூடாரத்துக்கு எபிரேய மொழியில் வழங்கும் பெயர்களுள் ஒன்று மிசுகான் என்பது. உறைதல், தங்குதல் எனப் பொருள்படும் வினையடியிற் பிறந்த அச்சொல்லுக்கு உறைவிடம் என்பதே நேர்ப்பொருள். இதனிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. தனக்கு ஒரு தூய இடம் அமைக்குமாறு பணித்த இறைவன், அவ்விடத்தினுள்ளே தான் உறைவதாகக் கூறவில்லை. அதனை அமைக்கும் மக்களின் நடுவே உறைவதாகவே கூறுகின்றான். யூத உரையாசிரியர் பலர் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டி, இடம் வாயிலே, மக்களே உறைவிடம் என்று விளக்குவர். இக்கருத்தே பின்வந்த மாற்றங்கள் யாவற்றுக்கும் வேராகும்.

சாலொமோன் அரசன் எருசலேமிலே கல்லாலும் கேதுருமரத்தாலும் ஆலயம் எடுத்தபோது கூடாரம் கோயிலாயிற்று. பேழை அதன் கருவறையில் வைக்கப்பட்டது. ஆலயத்தைப் பிரதிட்டை செய்த அவ்வரசனே, வானங்களும் கொள்ளமாட்டாத இறைவனை இச்சிறு மனை எங்ஙனம் கொள்ளும் என்று தன் பிரார்த்தனையில் வியந்ததாக விவிலியம் காட்டும். பிற்காலத்தில், ஆலயம் உள்ளவரை நமக்குக் கேடில்லை என்று இறுமாந்து, ஏழைகளையும் விதவைகளையும் ஒடுக்கிய மக்களை எரேமியா தீர்க்கதரிசி அவ்வாலய வாயிலில் நின்றே கண்டித்தார். இறைவன் இடத்தால் வரையறுக்கப்படாதவன் என்பதும், அறம் பிழைத்தார்க்கு இடம் அரணாகாது என்பதும் யூத சமயத்துக்குப் புறம்பான கண்டனங்கள் அல்ல. அச்சமயத்தின் உள்ளிருந்தே எழுந்தவை.

கி.மு. 586 அளவில் பாபிலோனியர் ஆலயத்தை அழித்து மக்களைச் சிறைகொண்டு சென்றனர். இறைவனின் உறைவிடம் அழியின் இறைவன் யாதாயினன் என்னும் கேள்வி அப்போது எழுந்தது. சிறைப்பட்டுச் சென்ற எசேக்கியேல் தீர்க்கதரிசி, இறைவனது மகிமை எருசலேம் ஆலயத்தினின்று புறப்பட்டுக் கிழக்கே செல்வதைக் காட்சியிற் கண்டார். அந்நிய நாட்டின் ஆற்றங்கரையிலும் அம்மகிமை அவருக்கு வெளிப்பட்டது. பாரசீகர் ஆட்சியில் மக்கள் மீண்டு வந்து, கி.மு. 515 அளவில் இரண்டாம் ஆலயத்தைக் கட்டி முடித்தனர். ஆனால் அதன் கருவறையிலே பேழை இல்லை. தலைமைக் குருவும் ஆண்டுக்கொரு நாளே புகத்தக்க அவ்வறை வெறுமையாகவே இருந்தது. கி.மு. 63 இல் எருசலேமைக் கைப்பற்றிய உரோமத் தளபதி பொம்பேயு அதனுட் புகுந்து நோக்கி, உருவம் யாதும் காணாது மீண்டான் என்று வரலாறு கூறும்.

இவ்விடத்துத் தமிழ் வாசகர்க்குத் தில்லை நினைவுக்கு வருதல் இயல்பே. சிற்றம்பலத்திலே திரையை விலக்கினால் தோன்றுவது பொன்வில்வமாலை தொங்கும் வெளியே. வடிவமின்மையே ஆண்டு வழிபடப்படுகின்றது. இரண்டும் ஒன்றெனக் கூறல் பொருந்தாது. தில்லை வெளிக்கு அருகே ஆடற்பிரான் திருவுருவம் உண்டு. எருசலேமிலோ உருவம் முற்றாக விலக்கப்பட்டது. ஆயினும், திரைக்கு அப்பால் உள்ள வெறுமையை இன்மை எனக் கொள்ளாது நிறைவு எனக் கொண்ட உள்ளம் இரண்டிடத்தும் காணப்படுதலை மறுத்தற்கில்லை.

கி.பி. 70 இல் உரோமர் இரண்டாம் ஆலயத்தையும் எரித்தனர், பலி நின்றது. அதன்பின் யூத சமயத்தைக் காத்தவர் இரபிமார் எனப்படும் ஆசிரியர்கள். மக்களிடையே உறையும் இறைவன் திருமுன்னிலையை அவர்கள் செக்கினா என்னும் சொல்லாற் குறித்தனர். அச்சொல் எபிரேய விவிலியத்திற் காணப்படுவதன்று. மிசுகான் பிறந்த அதே வேரினின்று பிற்காலத்தே பிறந்தது. இருவர் அமர்ந்து மறைமொழியை ஆராயின் அவரிடையே செக்கினா தங்கும் என்றும், மக்கள் எந்நாட்டுக்குத் துரத்தப்பட்டனரோ அந்நாட்டுக்கு அதுவும் அவரோடு சென்றது என்றும் அவர்கள் கற்பித்தனர். கோயிலை இழந்த மக்கள் மீண்டும் கூடாரத்தின் கருத்துக்கே வந்தமை காண்க. 1568 இல் கொச்சியிலே கட்டப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடம் போன்ற இடங்களில், மறைச்சுருள்களை உடைய பேழை எருசலேமை நோக்கி அமைந்திருத்தலும் இந்நினைவின் தொடர்ச்சியே.

கிறித்தவமும் இக்கூடாரத்தினின்றே தன் சொல்லை எடுத்தது. இறைவனின் வார்த்தை மனிதனாகி மக்களிடையே வாழ்ந்தது என்று கூறுமிடத்து, யோவான் நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் உள்ள வினை கூடாரம் அடித்தல் என்னும் பொருளது. ஆலயத்தை இடித்தாலும் மூன்று நாளில் எழுப்புவேன் என இயேசு கூறியதை அவர்தம் உடலைக் குறித்ததாக அந்நற்செய்தி விளக்கும். இவ்வாறு உறைவிடம் ஓர் இடத்தினின்று ஓர் ஆளுக்கு மாற்றப்பட்டது. பவுல் இன்னும் ஒருபடி சென்று, விசுவாசிகளின் கூட்டமே இறைவனின் ஆலயம் என்று கொரிந்தியர்க்கு எழுதினார். இருவர் மூவர் இயேசுவின் பெயராற் கூடுமிடத்து அவர் நடுவே தாம் இருப்பதாக மத்தேயு நற்செய்தியில் வரும் கூற்று, செக்கினாவைப் பற்றிய இரபிமார் கூற்றை நெருங்கி நிற்கின்றது.

எனினும் கிறித்தவரும் இடத்தை முற்றாகத் துறந்தாரல்லர். கத்தோலிக்கர் திருப்பலியில் எழுந்தேற்றம் செய்யப்பட்ட அப்பத்தைப் பேழையில் வைத்து, முன்னே விளக்கேற்றி, அங்கே முழந்தாளிடுவர். அப்பேழைக்கு மேலைமொழிகளில் வழங்கும் பெயர் கூடாரம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. சீர்திருத்தச் சபையாரோ, குறிப்பாக 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனார் சார்ந்த மரபினர், இடத்தையும் பொருளையும் பற்றிய வணக்கம் விக்கிரக வணக்கமாய் முடியும் என அஞ்சினர். ஆகவே யாழ்ப்பாணத்துச் சைவரைக் கண்டித்த மிசனாரின் குரல், முன்னரே ஐரோப்பாவிற் கத்தோலிக்கரைக் கண்டித்த குரலுமாகும். இதனை உணராதார்க்கு அக்காலத்து யாழ்ப்பாணச் சமயப்போர் பாதியே விளங்கும்.

இச்சூழலிலேதான் நாவலர் தோன்றினார். 1822 இல் நல்லூரிற் பிறந்த அவர், யாழ்ப்பாணத்து வெசிலியன் மிசன் பாடசாலையிற் கற்று, பின்பு அங்கே ஆசிரியராயுமிருந்து, பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உதவினார். அம்மொழிபெயர்ப்பு 1850 இற் சென்னையில் அச்சாயிற்று. நாவலரோ 1847 ஆம் ஆண்டின் இறுதிநாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கி, 1848 இற் சைவப்பிரகாச வித்தியாசாலையையும் நிறுவிவிட்டார். யாத்திராகமத்தின் கூடாரத்தையும் லேவியராகமத்தின் பலிகளையும் தமிழாக்கும் பணியிலே பல்லாண்டு பழகிய ஒருவர்க்கு, அவை அந்நிய நாட்டு விநோதங்களாகத் தோன்றியிரா. தமிழ் விவிலியத்தில் இன்றும் வழங்கும் சொற்களை நோக்குக: குத்துவிளக்கு, தூபபீடம், பலிபீடம், திரைச்சீலை, சமுகத்தப்பம். இவற்றுட் பெரும்பாலானவை ஒரு சைவக் கோயிலின் வாயிலினின்று மூலத்தானம் வரை செல்வோன் காண்பனவே. சமுகம் என்பது பெரியோர் சந்நிதானத்தைக் குறிப்பது. சமுகத்தப்பம் என்பது சந்நிதியிற் படைக்கப்படும் அப்பம்.

1854 இல் வந்த சைவதூஷண பரிகாரம் இவ்வொற்றுமையையே ஆயுதமாகக் கொண்டது. நீராடித் தூய்மை செய்தல், தூபதீபம் காட்டல், நிவேதனம் படைத்தல், புண்ணியத்தலங்களுக்கு யாத்திரை செய்தல், குருமார் முறைப்படி வழிபாடாற்றல் முதலியன அறியாமையாயின், அவற்றை ஒத்தனவற்றை இசுரவேலர்க்கு இறைவனே விதித்ததாகக் கூறும் நூலைப் பற்றி என்சொல்வது என்பதே அதன் வாதத்தின் சாரம். 1855 ஆம் ஆண்டு வெசிலியன் மிசன் அறிக்கையொன்று இந்நூலைச் சுட்டி, இதன் ஆசிரியர்க்கு விவிலியத்தில் வியக்கத்தக்க பயிற்சி உண்டென ஒப்புக்கொண்டது. அப்பயிற்சி சைவத்துக்கு அரணாகப் பயன்பட்டதை எண்ணி வருந்தவும் செய்தது. எதிர்த்தரப்பாரின் இவ்வொப்புதலே நூலின் வலிமைக்குத் தக்க சான்று.

இனி, அவ்வாதத்தை நடுநின்று நிறுத்தல் வேண்டும். பழைய சடங்குகள் வரப்போகும் உண்மையின் நிழல்கள் எனவும், இயேசு வந்தபின் அவை நிறைவெய்தி நீங்கின எனவும் கிறித்தவர் விடை கூறுவர். நிழல் என்பதனால் அவை காலங்கடந்தன என்று கூறலாமே அன்றி, பேதைமை என்று கூறுதல் இயலாது. இவ்வளவில் நாவலர் வாதம் வென்றது. ஆயினும் பேழை வேறு, இலிங்கம் வேறு. பேழையும் கேருபீன்களும் இறைவன் உருவங்களாகக் கொள்ளப்பட்டனவல்ல. உருவம் செய்தலையே விலக்கிய கட்டளை அப்பேழையினுள்ளே இருந்தது. ஆதலால், யூத வழிபாட்டின் ஒற்றுமை கொண்டு சைவத் திருவுருவ வழிபாட்டை முற்றாக நிறுவுதல் அரிது. அதனை நிறுவுவது சைவசித்தாந்தமே.

சித்தாந்தம் கூறுவது யாது? இறைவன் எங்கும் நிறைந்தவன். எனினும் எங்கும் பாலில் நெய்போல மறைந்து நிற்பவன், குரு, இலிங்கம், சங்கமம் ஆகிய மூன்றிடத்தும் தயிரில் நெய்போல விளங்குவான் என்பர். மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் இறுதியாகிய பன்னிரண்டாஞ் சூத்திரம், ஆலயத்தையும் அடியார் வேடத்தையும் அரன் எனவே தொழுமாறு ஒருங்கே வைத்து விதிக்கின்றது. இதனாற் போதருவது, சைவத்தில் திருவுருவம் மாத்திரம் இறைவன் விளங்கும் இடமன்று, அடியார் கூட்டமும் அத்தகையதே என்பது. சாலொமோன் வியந்த வியப்புக்கும், இரபிமார் இருவரிடையே கண்ட திருமுன்னிலைக்கும், பவுல் கூட்டத்தையே ஆலயமெனக் கண்ட காட்சிக்கும் சைவம் அந்நியமானதன்று. இதுவே நாவலர் காட்டிய ஒற்றுமையின் அடியிலுள்ள மெய்ம்மை.

மக்களிடையே உறைகின்றான் எனில் எம்மக்களிடையே என்னும் கேள்வியும் எழும். எருசலேமின் இரண்டாம் ஆலயத்திலே வேற்றினத்தார் ஓர் எல்லைக்கு அப்பாற் செல்லின் மரணமே விளையும் என்று கிரேக்க எழுத்திற் பொறித்த எச்சரிக்கைக்கல் நின்றது. அத்தகைய கல் ஒன்று 1871 இல் அந்நகரிற் கண்டெடுக்கப்பட்டது. பகைமையாகிய நடுச்சுவர் இடிந்தது என்று பவுலின் பெயரால் வழங்கும் எபேசியர் திருமுகம் கூறியது. எனினும் யாழ்ப்பாணத்துக் கிறித்தவ சபைகளுள்ளும் சாதிப்பிரிவு நெடுங்காலம் நிலவிற்று. சைவக் கோயில்களைக் குறித்து மறைத்துக் கூறுதற்கு ஒன்றுமில்லை. நாவலரும் சாதிவரம்பைப் பேணியவரே. பொது இடங்களிற் சாதி காரணமாகத் தடுத்தலைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இல் இயற்றப்பட்டது. அதன்பின்னும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலிலே வழிபடச் சென்ற மக்கள் தடுக்கப்பட்டு, வாயிலிற் சத்தியாக்கிரகம் இருந்தனர். அடியார் கூட்டத்தை அரன் எனத் தொழச் சொன்ன சமயம் அடியாரை வாயிலில் நிறுத்துமாயின், தயிரில் நெய்யை ஏற்றுக்கொண்டு தயிரைக் கொட்டியவாறு ஆகும். எரேமியா வாயிலில் நின்று கூறியது இதற்கும் பொருந்தும்.

மற்றொரு சோதனை இடப்பெயர்வு. 1991 இற் போர் காரணமாகக் காரைநகர் மக்கள் தம் ஊரை விட்டு நீங்க நேர்ந்தது. வீடும் வயலும் கோயிலும் பின்னே நிற்க, மக்கள் குடாநாட்டின் பல ஊர்களிலும் கொழும்பிலும், பின்பு இலண்டன், தொறன்ரோ முதலிய தொலைநகர்களிலும் தங்கினர். கி.மு. 586 இல் யூதரை எதிர்கொண்ட வினா இத்தீவு மக்களையும் எதிர்கொண்டது. அதற்குச் சைவாகமம் முன்னரே ஒரு விடையை வைத்துள்ளது. திருப்பணி நிகழும்போது மூலமூர்த்தியினின்று இறைவன் சாந்நித்தியத்தைக் கும்பநீரில் ஆவாகித்து, பாலாலயத்தில் வைத்துப் பூசித்து, பணி முடிந்தபின் குடமுழுக்கினால் மீண்டும் மூர்த்தியிற் சேர்ப்பர். கல் அசையாது, சாந்நித்தியம் ஒரு குடத்தில் அடங்கி உடன்வரும். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் சென்ற நாடுகளிலே வாடகை மண்டபங்களிலும் பழைய கட்டடங்களிலும் தொடங்கிய வழிபாடுகள் கோயில்களாக வளர்ந்தமை இவ்வுண்மையை ஒட்டியதே. அவர்கள் அங்கே அமைத்தது முதற்கண் கூடாரமே. கோயில் பின்னர் வந்தது.

எனினும் கூடாரம் போதும் என்று ஊரை மறந்தாரில்லை. மக்கள் திரும்பும் வாய்ப்புப் பெற்றபோது காரைநகருக்கு மீண்டனர். மீளாதாரும் ஊர்க்கோயிற் பணிக்குக் கைகொடுத்தனர். யூதர் எந்நாட்டில் நின்று தொழுதாலும் எருசலேமை நோக்கித் தொழுதமையும், ஈழத்தவர் தில்லையை நினைந்து தம் மண்ணிலே ஒரு சிதம்பரம் கண்டமையும் ஒருவகை உணர்ச்சியின் பாற்படும். இடம் வேண்டும், மக்கள் கூடுதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதனாலேயே வேண்டும். மார்கழித் திருவாதிரையிலே ஈழத்துச் சிதம்பரத்து ஆடற்பிரான் கருவறைப் பக்கம் விட்டு வெளிவந்து வீதியில் எழுந்தருளும்போது, அவனைச் சூழ்ந்து நிற்பவர்களுள் ஊரில் வாழ்வாரும் கடல்கடந்து வந்தாரும் உளர். அன்று மூலத்தானத்தைத் தேடிச் செல்ல இயலாத முதியோர்க்கும் நோயாளர்க்கும் இறைவன் அவர்தம் வீதியிலே முகம் காட்டுகின்றான். பாலைவனத்தில் அலைந்த ஒரு கூட்டம் தன் நடுவே நாட்டிய கூடாரத்தின் கருத்தும் அதுவே.